ஒட்டு மாங்கன்று

முக்கனிகளுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது மாங்கனி. நீலம், மல்கோவா, ருமானி, பங்கனப்பள்ளி, இமாம்பசந்து எனப் பல பெயர் பெற்று, நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் வேறுபட்ட மாவகைகள் நம் நாட்டில் உள்ளன. இனிய கனி ஒன்றை உண்டவர், அதன் கொட்டையைத் தோட்டத்தில் ஊன்றி, "இச்சுவையை இனி ஆண்டுதோறும் பெறுவோம்" என்று எண்ணுதல் இயல்பு. ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்து, முதற்கனியை வாயிலிட்டுப் புளிப்பும் நாருமே கண்டு ஏமாந்தவர் பலர். இதற்குக் காரணம் யாது?

ஈக்களும் பிற பூச்சிகளும் ஒரு மரத்தின் மகரந்தத்தை மற்றொரு மரத்தின் பூவில் கொண்டு சேர்க்கின்றன. மாங்கனியின் சதை தாய்மரத்துக்கு உரியது. கொட்டையினுள் உறங்கும் கருவோ தாய், தந்தை ஆகிய இரண்டுக்கும் பிறந்த மகவு. மகவு தாயை ஒத்தும் இருக்கலாம், ஒவ்வாதும் இருக்கலாம். மேலைக் கடற்கரையில் வளரும் சில மாவகைகளின் கொட்டை ஒன்றிலிருந்து பல முளைகள் எழும். அவை பெரும்பாலும் தாயை ஒத்தே வளரும். நம் பக்கத்து வகைகள் பெரும்பாலும் ஒரு முளையே விடுவன. ஆதலின் அவற்றின் சுவையைக் கொட்டையிடம் ஒப்படைத்தல் இயலாது. தாய்மரத்தின் கொம்பையே எடுத்து, வேரோடு நிற்கும் வேறொரு கன்றின்மேல் பொருத்தி வளர்த்தல் வேண்டும். இதுவே ஒட்டுக்கட்டுதல். வேர் தந்து நிற்கும் கன்றை வேர்ச்செடி என்றும், அதன்மேல் பொருத்தும் கொம்பை ஒட்டுக்குச்சி என்றும் கூறுவர்.

இக்கலை மிகப் பழமையானது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் வடமொழியில் இயற்றிய பிருகத் சம்கிதையில் மரவளர்ப்பைப் பற்றிய இயல் ஒன்று உண்டு; ஒட்டுக்கட்டும் முறையும் அதில் சொல்லப்பட்டுள்ளது. இன்று நாம் காணும் மல்கோவா மரங்கள் எத்தனையாயினும், அவையெல்லாம் முன்னொரு காலத்தில் எங்கோ தோன்றிய ஒரு மரத்தின் கொம்புகள் வழிவழியாக ஒட்டுக்கட்டப்பட்டு வந்தவையே. அம்முதல் மரத்தின் கொம்பை எவரும் எடுத்து ஒட்டாதிருந்தால், அச்சுவை அம்மரத்தோடே மறைந்திருக்கும்.

இவ்வுண்மையை நான் நூலிற் கற்றதைவிட என் வீட்டுக் கொல்லையிற் கற்றதே மிகுதி. வேதாரணியத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், என் பாட்டனார் நட்ட மாமரம் ஒன்று கிணற்றருகே நின்றது. அதற்குப் பெயர் கிடையாது. கனி சிறியது, தோல் பழுத்தும் பச்சையாகவே இருக்கும், சுவையோ கற்கண்டை ஒக்கும். 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியுமுன் வீசிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது. எங்கள் மாமரமும் சாய்ந்தது. பாதி வேர் வானத்தை நோக்கி நின்றது. பாதி வேர் மண்ணைப் பற்றியிருந்தது. மரம் உடனே சாகவில்லை. ஆயினும் நெடுநாள் வாழாது என்பது பார்த்த அளவிலேயே தெரிந்தது.

அதன் கொட்டைகளிலிருந்து முளைத்த கன்றுகள் பத்து, தொட்டிகளில் இருந்தன. அடுத்த சித்திரையில், ஒரு புத்தகத்தைப் பார்த்து, அப்பத்தின்மேலும் தாய்மரத்துக் குச்சிகளை ஒட்டினேன். பதினைந்து நாட்களில் பத்தும் கருகின. மரம் சாகும்முன் அதன் இனத்தைக் காக்க இயலாது போயிற்றே என வருந்தியிருந்தபோது, எங்கள் ஊரில் தோட்டவேலை செய்து முதிர்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். கருகிய குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெட்டுவாயைப் பார்த்தார். பிறகு, "ஐயா, மரம் உங்களைக் கைவிடவில்லை, நீங்கள்தாம் அவசரப்பட்டுவிட்டீர்கள்" என்றார். அவர் அன்று எடுத்துக்காட்டிய பிழைகளே இப்பாடத்தின் கருப்பொருள்.

முதற்பிழை, பொருத்தத்தைப் பற்றியது. கிளை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளியே பட்டையும் உள்ளே கட்டையும் இருத்தலைக் காணலாம். இரண்டுக்கும் இடையே ஈரமான மெல்லிய படலம் ஒன்று உண்டு. தாவர நூலார் இதனைக் கேம்பியம் என்பர். மரம் பருப்பது இப்படலத்தால். வெட்டுண்ட இடத்தில் புதுத்தசை தோன்றி இரண்டையும் இணைப்பதும் பெரிதும் இதனாலேயே. வேர்ச்செடியின் படலமும் குச்சியின் படலமும் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டுக் கூடும். தொடாவிடில் எத்துணை இறுகக் கட்டினும் கூடாது. என் குச்சிகள் வேர்ச்செடியைவிட மெல்லியவை. அவற்றை நான் பிளவின் நடுவே செருகியிருந்தேன். அதனால் இருபுறத்துப் படலமும் தொடாமற் போயின. குச்சி மெலிந்திருப்பின் அதனை ஒருபுறமாக ஒதுக்கி, அப்பக்கத்துப் பட்டையோடு பட்டை நேர்பட வைத்தல் வேண்டும். வாழை, தென்னை, பனை முதலியவற்றில் இத்தகைய படலம் இல்லை. ஆதலின் அவற்றை ஒட்டுக்கட்டுதல் இயலாது. படலம் இருப்பினும் உறவு நெருங்கியிருத்தல் வேண்டும். மாவுக்கு மாவே ஏற்றது. சப்போட்டாவுக்கு அதன் உறவாகிய பாலைக் கன்று வேர்ச்செடியாகும்.

இரண்டாம் பிழை, பருவத்தைப் பற்றியது. வெட்டிய குச்சிக்கு வேர் இல்லை. புதுத்தசை கூடும்வரை அது தன்னிடமுள்ள ஈரத்தைக் கொண்டே உயிர்வாழ வேண்டும். சித்திரை வெயிலும் வறண்ட காற்றும் அவ்வீரத்தை உறிஞ்சிவிட்டன. ஆடி, ஆவணித் திங்கள்களில் வெயில் தணிந்து, காற்றில் ஈரம் மிகும் காலமே தக்கது.

மூன்றாம் பிழை, குச்சியைத் தேர்ந்தது. பூத்து முதிர்ந்த கொம்புகளை நான் வெட்டியிருந்தேன். மூன்று நான்கு திங்கள் வளர்ந்து, நுனிமொட்டுப் பருத்தும் விரியாதும் இருக்கும் குச்சியே ஏற்றது. வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னரே, மரத்தில் இருக்கும்போதே, அதன் இலைகளைக் காம்பை விட்டு நறுக்கிவிட வேண்டும். அவ்வாறு செய்தால் மொட்டில் உயிராற்றல் திரளும். காம்பு தொட்டவுடன் உதிருமாயின் குச்சி ஆயத்தமாயிற்று என அறியலாம். என் குச்சிகளுள் ஒன்று தலைகீழாகவும் செருகப்பட்டிருந்தது! அதனைக் கண்டு பெரியவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

நான்காம் பிழை, என் ஆவலால் விளைந்தது. ஒட்டியதா என அறிய நாள்தோறும் குச்சியை அசைத்துப் பார்த்தேன். இரவில் கூடிய இழைகள் பகலில் என் விரலால் அறுந்தன.

வேர்ச்செடிகளோ சாகவில்லை. வெட்டிய இடத்தின் கீழே செம்பு நிறத் தளிர் விட்டு நின்றன. "இத்தளிர்த்தண்டே ஒட்டுக்கு நல்லது" என்றார் பெரியவர். ஆடியில் அவர் அருகிருக்க, மீண்டும் தொடங்கினேன். தளிர்த்தண்டின் தலையை நீக்கி, நடுவே ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பிளந்தோம். குச்சியின் அடியை இருபுறமும் சீவி ஆப்புப் போல ஆக்கினோம். கத்தி கூரியதாய்த் தூயதாய் இருந்தது. ஒரே வீச்சில் சீவியதால் வெட்டுமுகம் மேடுபள்ளமின்றி இருந்தது. அம்முகத்தை விரலால் தொடவில்லை, உலரவும் விடவில்லை. உடனே செருகி, பட்டையோடு பட்டை சேர்த்து, பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுகச் சுற்றினோம். குச்சியின் ஈரம் போகாதவாறு நீண்ட பாலித்தீன் உறை ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினோம். தொட்டிகளை நிழலில் வைத்து, நீரை வேருக்கு மட்டும் வார்த்தோம். பின்னர் அவற்றை ஒருவரும் தொடவில்லை.

மூன்றாம் வாரம், ஏழு உறைகளுக்குள் தளிர் தெரிந்தது. தளிர் விரியத் தொடங்கியதும் உறையை நீக்கினோம். ஒட்டு நன்கு கூடியபின் நாடாவையும் அறுத்துவிட வேண்டும்; இல்லையேல் தண்டு பருக்கும்போது அது கழுத்தை நெரித்துவிடும்.

இத்துடன் கடமை முடிந்தது என நினைத்தல் தவறு. ஏழு கன்றுகளுள் ஒன்று மற்றவற்றினும் செழித்து வளர்ந்தது. அதனைக் கண்டு பெருமையும் கொண்டேன். குனிந்து பார்த்தபோதுதான், செழித்தது ஒட்டுக்குக் கீழே எழுந்த வேர்ச்செடியின் தளிர் என்பதும், அது உணவை எல்லாம் கவர்ந்துகொள்ளவே ஒட்டுக்குச்சி காய்ந்துவிட்டது என்பதும் புலனாயின. கீழிருந்து எழும் தளிரை அவ்வப்போது கிள்ளியெறிதல் வேண்டும். நிலத்தில் நடும்போது ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும். ஒட்டுமாங்கன்று இளமையிலேயே பூக்கும். முதல் மூன்றாண்டுகளில் தோன்றும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால், மரம் வலிவு பெற்றபின் காய்க்கும்.

எஞ்சிய ஆறு கன்றுகளை 2020ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நட்டோம். இரண்டை எங்கள் கொல்லையிலும், மூன்றை அண்டை வீடுகளிலும், ஒன்றை அப்பெரியவர் வீட்டிலும் வைத்தோம். ஒரே இடத்தில் நிற்பதனை ஒரே காற்று வீழ்த்திவிடும் என்பதைப் புயல் எங்களுக்குக் கற்பித்திருந்தது. அடுத்த கோடையில் தாய்மரம் முற்றும் பட்டுப்போயிற்று.

2024ஆம் ஆண்டு கோடையில் எங்கள் கொல்லை மரம் ஒன்றில் நான்கு காய்கள் நின்று பழுத்தன. தோல் பச்சையாகவே இருந்தது. முதற்கனியை அப்பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு துண்டை வாயிலிட்டு, சற்று நேரம் பேசாதிருந்து, "அதேதான் ஐயா" என்றார்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ ஊரிலோ, வேறெங்கும் காணப்பெறாத சுவையுடைய பழமரம் ஒன்று நிற்கக்கூடும். அது சாயும்வரை காத்திராதீர்கள். கூரிய கத்தியும், தக்க பருவமும், பட்டையோடு பட்டை சேரும் பொருத்தமும், தொடாதிருக்கும் பொறுமையும் இருப்பின், அதன் இனத்தைக் காத்தல் உங்கள் கைக்கும் எளிதே. முதன்முறை பத்தும் கருகினாலும் மனம் தளர வேண்டா. கருகிய குச்சியைப் பிடுங்கி, பிழை யாதெனப் பாருங்கள். வேர்ச்செடி மீண்டும் தளிர்த்து உங்களுக்காகக் காத்திருக்கும்.