தரையில் வலை விரிக்கும் சிலந்தி

மார்கழி, தை மாதங்களில் பொழுது புலரும் வேளையில் வரப்பு வழியே நடப்பவர்கள், புல்லின்மேல் வெள்ளைத் துணியை விரித்தாற்போலப் பனி படிந்த வலைகளைக் கண்டிருப்பார்கள். வெயில் ஏறியதும் அவை கண்ணுக்குப் புலப்படா. வலையின் ஓர் ஓரம் புனல்போலக் குறுகிப் புல்லடியிலோ மண் வெடிப்பிலோ இறங்கும். அப்புனலின் வாயிலில் மண்ணிறச் சிலந்தி ஒன்று காத்திருக்கும். ஆள் நடமாட்டத்தால் வலை சற்று அதிர்ந்தாலும் உள்ளே மறைந்துவிடும்.

இது ஹிப்பாசா என்னும் இனத்தைச் சேர்ந்தது; ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தில் அடங்கும். அக்குடும்பத்தில் பெரும்பாலானவை வலை கட்டாமல் தரையில் ஓடித் திரிந்தே இரை பிடிக்கும். ஹிப்பாசா அதற்கு விலக்கு. இதன் வலையில் பசை கிடையாது. தத்துப்பூச்சியோ சிறு வெட்டுக்கிளியோ அதில் விழுந்து தடுமாறும்போது, சிலந்தி வலையின் மேற்பரப்பில் விரைந்தோடி அதைப் பற்றிக்கொள்ளும். புனல்வலை கட்டும் வேறு குடும்பமும் உண்டாகையால், வலையை மட்டும் பார்த்து இன்னதென்று சொல்லலாகாது. ஓநாய்ச் சிலந்திகளுக்கு முகத்தில் நான்கு சிறு கண்கள் ஒரு வரிசையாகவும், அவற்றின் மேல் இரண்டு பெரிய கண்கள் முன்னோக்கியும், பின்னால் வேறு இரண்டும் அமைந்திருக்கும். இரவில் பாட்டரி விளக்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் அவை பனித்துளிபோல மின்னும். தாய், முட்டைப்பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமக்கும். குஞ்சுகள் பொரித்தபின் அவற்றை முதுகில் ஏற்றிக்கொள்ளும்.

சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த கிரேவ்லி என்பார், இவ்வினத்தில் அதுவரை பெயரிடப்படாத ஒன்றை 1924ஆம் ஆண்டில் விவரித்து, ஹிப்பாசா மதராஸ்பட்டானா என்று பெயரிட்டார். புதிது என்றால் அன்று பிறந்தது என்பதல்ல. ஆடு மேய்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டதாயினும், சாஸ்திர முறைப்படி விவரம் எழுதி அச்சிடப்படும்வரை அது பெயரற்றதே. நிறத்தையும் அளவையும் நம்பிப் பெயரிட இயலாது. ஆணின் முன்புறமுள்ள குறுங்கைகளின் நுனிக் குமிழையும், பெண்ணின் அடிவயிற்றிலுள்ள இனப்பெருக்கத் தகட்டையும் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, ஏனைய இனங்களோடு ஒப்பிட்டே முடிவு செய்வர். குஞ்சுகளில் இவ்வுறுப்புகள் முதிர்ந்திராமையால் அவை இதற்கு உதவா. ஆதாரமான சிலந்தி சாராயத்தில் பாதுகாக்கப்படும். இவ்வாறு பெயர் பெற்ற சிலந்திகள் 2022ஆம் ஆண்டில் உலகில் 50,000ஐக் கடந்தன. ஆயினும் நம் புன்செய்த் தரையை முற்றும் தேடிப் பார்த்தவர் இல்லை.

குடியானவருக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். நெல் வயலில் தூரடியில் திரியும் பார்டோசா என்னும் ஓநாய்ச் சிலந்தி, புகையான் பூச்சியைத் தின்று அடக்கிவைப்பது நன்கு ஆராயப்பட்ட விஷயம். கண்ட மருந்தைத் தெளித்தால் சிலந்தி மடியும். இலையுறையினுள் இடப்பட்ட புகையான் முட்டைகளோ தப்பிவிடும். அவை பொரிக்கும்போது தடுப்பார் இன்மையால் புகையான் முன்னிலும் பெருகும். பெயர் அறியாத சிலந்திகள் எத்தனை இவ்வாறு நமக்கு உழைக்கின்றன என்பதை, அவற்றை இனம் பிரித்தாலன்றி எண்ணவும் இயலாது.

தரைச் சிலந்திக்கு வேண்டியது கலையாத மண். காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடுகள் உழவின்றிக் கிடப்பதால் அதற்கு ஏற்றவை. மற்ற நிலங்களில் வரப்புப் புல்லை அடியோடு செதுக்காமலும் கொளுத்தாமலும் விட்டாலே போதுமானது. வரப்பின்மேல் மருந்து தெளிப்பது வீண் செலவு என்றே கூறவேண்டும்.

வழக்கத்திற்கு மாறான தரைச் சிலந்தியைக் காண்போர், முதிர்ந்த ஆணும் பெண்ணும் கிடைத்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து, நூற்றுக்கு 70 பங்கு சாராயமுள்ள சிறு குப்பிகளிலிட்டு, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையில் காட்டலாம். பிடித்த ஊர், தேதி, பயிர், வலையிலா வளையிலா என்ற விவரம் ஆகியவற்றைக் காகிதத் துண்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடவேண்டும். பென்சிலால் எழுதுக, பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.