எண் மாறினால் பாதை மாறுமா?



தாதர் நிலையத்தை அறியாத தமிழ் மாணவர் நம்முள் எவரும் இரார். மேற்கு இரயில்வேயும் மத்திய இரயில்வேயும் அங்கே அருகருகே ஓடுகின்றன. நெடுங்காலம் இரு பக்கத்து நடைமேடைகளும் தனித்தனியே ஒன்று, இரண்டு என எண்ணப்பட்டு வந்தன. ஆகவே நிலையத்தில் ஒன்றாம் மேடை இரண்டு இருந்தது. மூன்றாம் மேடையும் இரண்டு இருந்தது. புதியவர் திகைத்தனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இந்த முறையை மாற்றினர். மேற்குப் பக்கத்து மேடைகள் 1 முதல் 7 வரை என்றே நின்றன. மத்தியப் பக்கத்து மேடைகள் 8 முதல் 14 வரை எனப் புது எண்கள் பெற்றன. பழைய ஒன்று எட்டாயிற்று; பழைய மூன்று ஒன்பதாயிற்று.

நான் அப்போது இளநிலை வகுப்பில் இருந்தேன். விடுமுறைக்கு நெல்லைக்குச் சென்று திரும்பியவன், பழைய நினைப்பில் மூன்றாம் மேடையைத் தேடி, மேற்குப் பக்கத்தில் போய் நின்றேன். பலகையைப் படிக்காதது என் குற்றமே. பூக்கூடையோடு நின்றிருந்த மராத்தி அம்மையார் ஒருவர் என் திகைப்பைக் கண்டு சிரித்தார். எண்தான் மாறியது, வண்டி பழைய இடத்தில்தான் நிற்கிறது என்று சொல்லி வழி காட்டினார்.

அந்தச் சொல்லை இன்று வேறொரு பொருளுக்குப் பயன்படுத்த விரும்புகிறேன். வேலை தேடும் மாணவர் நாள்தோறும் ஏறி இறங்கும் மற்றொரு நிலையம் உண்டு. அதுவே 'லிங்க்ட்இன்' என்னும் தொழில்முறை இணையத்தளம். அங்கே ஆண்டுதோறும் புதுமைகள் வருகின்றன. பொத்தான் இடம் மாறுகிறது. பக்கத்தின் தோற்றம் மாறுகிறது. இவற்றுள் எண் மாற்றம் எது, பாதை மாற்றம் எது? இதைப் பகுத்தறியாவிடில் நாம் தவறான மேடையில் நிற்க நேரும்.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ரீடு ஹாப்மன் என்பவரும் அவருடைய தோழர்களும் 2002ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய முயற்சி இது. 2003 மே 5ஆம் நாள் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 2016இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 நவம்பரில் உலகெங்கும் உறுப்பினர் தொகை 100 கோடியை எட்டியது. இந்தியாவில் மட்டும் அவ்வாண்டே 10 கோடியைக் கடந்துவிட்டது. இதற்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? ஆள் தேடும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணம், விளம்பரம், உறுப்பினர் செலுத்தும் சந்தா ஆகியவற்றிலிருந்து வருகிறது. நாம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறோமோ, எவ்வளவு விவரம் தருகிறோமோ, அவ்வளவும் அதற்கு ஆதாயம். புதுமைகள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

எண் மாற்றங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 2017 சனவரியில் கணினித் திரையில் பக்கத்தின் தோற்றம் முழுதும் புதுப்பிக்கப்பட்டது. 2019இல், விருப்பம் தெரிவிக்கும் ஒற்றைக் குறியோடு பாராட்டு, அன்பு முதலிய குறிகளும் சேர்ந்தன. 2020 செப்டம்பரில் ஒரு நாள் மட்டும் நின்று மறையும் 'ஸ்டோரீஸ்' என்னும் படக்கதைகள் வந்தன. ஓராண்டுக்குப் பின், 2021 செப்டம்பர் இறுதியில், அவை நிறுத்தப்பட்டன. 2024இல் மூளைக்கு வேலை தரும் விளையாட்டுகள் வந்தன. இவற்றை அறியாத மாணவனுக்கு இழப்பு ஒன்றுமில்லை. மொந்தை புதிது, கள் பழையது. ஒவ்வொன்றின் பின்னும் ஓடி, நமக்குரிய படிப்பு நேரத்தை இழத்தல் வேண்டா.

பாதை மாற்றங்கள் வேறு. அவை பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வன. ஒரு சான்று கூறுவேன். மார்க் கிரானவெட்டர் என்னும் சமூகவியல் அறிஞர் 1973இல் ஒரு கருத்தை வெளியிட்டார். வேலை பற்றிய செய்தியை நமக்குக் கொண்டுவருவோர் உற்ற நண்பர்களைவிட மேலோட்டமாகப் பழகியவர்களே என்பது அதன் சாரம். உற்றவர் அறிந்தது நாமும் அறிந்ததே. மற்றவரோ நாம் அறியாத வட்டத்துச் செய்தியை அறிவர். 'நீங்கள் அறிந்திருக்கக் கூடியவர்கள்' என்று லிங்க்ட்இன் சிலர் பெயரைக் காட்டுகிறதன்றோ? அப்பட்டியலைத் தயாரிக்கும் கணக்கை, 2015 முதல் 2019 வரை, வெவ்வேறு உறுப்பினருக்கு வெவ்வேறு விதமாக மாற்றிப் பார்த்தனர். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அச்சோதனைக்குள் இருந்தனர். முடிவு 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மிக நெருங்கியவரும் அல்லர், முற்றிலும் அயலாரும் அல்லர், ஓரளவு பழக்கமுடையவரே புது வேலை கிடைக்க மிகுதியும் உதவினர் என்று அது காட்டிற்று.

ஓர் அறிவியல் மாணவனாக அந்த முடிவை வியந்தேன். மனிதனாகச் சற்றே அஞ்சினேன். எந்த முகம் நம் திரையில் தோன்ற வேண்டும் என்ற கணக்கு சிறிது மாறினால், எவருக்கு வேலை கிடைக்கும் என்பதும் மாறுகிறது. ஆனால் திரையைப் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. தாதரில் பலகையாவது மாட்டினார்கள்!

மற்றொரு பாதை மாற்றம் 2020இல் வந்த 'வேலைக்கு ஆயத்தம்' என்னும் அறிவிப்பு. இதனை இரு வகையில் இடலாம். ஆள் தேடுவோர் கண்ணுக்கு மட்டும் படுமாறு வைப்பது ஒரு வகை; படத்தைச் சுற்றிப் பச்சை வளையமிட்டு அனைவருக்கும் அறிவிப்பது மறு வகை. இவ்வாண்டு எனக்கு முதுநிலைப் படிப்பு முடிகிறது. பச்சை வளையம் இடலாமா என்று தாதரில் எனக்கு இருப்பிடம் தந்திருக்கும் பெரியப்பாவிடம் கேட்டேன்.

"வேலை இல்லைன்னு சொல்றதுல என்னலே வெக்கம்?" என்றார் அவர். "நான் இந்த ஊருக்கு வரும்போது ஒரு கடுதாசிதான் கொண்டாந்தேன். எழுதிக் கொடுத்தவர் தம் பேரை அடகு வச்சு எழுதினார். நீ யார் பேரை அடகு வச்சிருக்கே?"

இக்கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை. காரணம் உண்டு. ஒருவருடைய திறமைக்கு மற்றவர் ஒரே சொடுக்கில் சான்றளிக்கும் முறை 2012 முதல் அங்கே உள்ளது. எச்.பி.எல்.சி. என்னும் பிரித்தாயும் கருவியை இயக்குவேன் என்று என் பக்கத்தில் எழுதியிருந்தேன். உண்மையில் அதனைப் பிறர் இயக்கக் கண்டிருந்தேன், அவ்வளவே. நண்பர் ஒன்பதின்மர் சான்றளித்தனர். நானும் அவர்களுக்கு அவ்வாறே அளித்தேன். பின்னர் ஒரு நேர்காணலில், எந்தக் கரைப்பான்களை என்ன அளவில் கலந்தீர்கள் என்று கேட்டனர். நான் வாய் திறக்கவில்லை. அன்றிரவே அந்த வரியை நீக்கினேன். பிறருக்கு அளித்த பொய்ச் சான்றுகளையும் திரும்பப் பெற்றேன். பெரியப்பாவின் கடுதாசிக்கு விலை இருந்தது. என் ஒன்பது சான்றுகளுக்கு விலை இல்லை.

நாம் கருத வேண்டிய இன்னும் மூன்று மாற்றங்கள் உண்டு. 2023இல், டிஜிலாக்கர் வழியாக ஆதார் கொண்டு தாம் இன்னார் என்று மெய்ப்பிக்கும் வசதி இந்தியருக்கு வந்தது. வேலை தருவதாகக் கூறிப் பணம் பறிப்போர் மலிந்த இந்நாளில், நமக்கு எழுதுபவர் பெயரருகே அக்குறி உண்டா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அது ஆளைத்தான் காட்டும். அவர் நாணயத்தைக் காட்டாது. அடுத்து, உறுப்பினர் எழுதுவனவற்றைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றும் ஏற்பாடு 2024 செப்டம்பரில் வெளிப்பட்டது. நம்மைக் கேளாமலே அது 'ஆம்' என்ற நிலையில் இருந்தது. விரும்பாதவர் அமைப்புகள் பகுதிக்குச் சென்று அதனை அணைக்கலாம்.

மூன்றாவது மொழி பற்றியது. 2020 முதல் நம் பெயரை நம் குரலிலேயே பத்து நொடிக்குள் பதிந்து வைக்கலாம். பெயரில் ழகரம் உடையோர் இதனைக் கட்டாயம் செய்க! 2021 டிசம்பரில் இந்தி அத்தளத்தின் மொழிகளுள் ஒன்றாயிற்று. 2024இல் மராத்தி, தெலுங்கு, வங்காளம், பஞ்சாபி ஆகியவையும் சேர்ந்தன. அந்த வரிசையில் தமிழ் இல்லை. இதற்காகப் பிற மொழியினர் மேல் பொறாமை கொள்ளத் தேவையில்லை. தாதரில் மராத்தியும், தாராவியில் தமிழும் கேட்டு வாழும் நமக்கு எல்லா மொழியும் உறவே. ஆயினும் நம் துறையை, நம் ஆய்வைத் தமிழிலும் நாலு வரி அங்கே எழுதி வைக்க எவரும் தடை சொல்லவில்லை. எழுதுவோர் மிகுந்தால் தேவையும் புலப்படும்.

தோழர்களே! தோற்றம் மாறும்போதெல்லாம் பரபரக்க வேண்டா. மூன்று வினாக்களை மட்டும் கேளுங்கள். என்னை யார் பார்ப்பதை இது மாற்றுகிறதா? நான் யாரைப் பார்ப்பதை மாற்றுகிறதா? நான் தந்த விவரம் எங்கே போகிறது என்பதை மாற்றுகிறதா? மூன்றுக்கும் விடை 'இல்லை' என்றால் அது வெறும் எண். ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால் அது பாதை. அப்போது நின்று படித்து, அதன் பின்னரே ஏறுங்கள்.

இறுதியாக நம் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். ஓரளவு பழகியவரே வேலைக்கு உதவுவர் என்பது ஆய்வு கண்ட உண்மை. நம் மன்றத்தில் பயின்று வெளியேறிய அண்ணன்மாரும் அக்காமாரும் அத்தகையவர் அல்லரோ? எந்தக் கணக்கும் காட்டித் தருமுன் அவர்களை நாமே தேடுவோம். ஆண்டுக்கு ஒரு மாலை அவர்களை அழைத்து, நேரில் அமர்ந்து பேசுவோம். நம் வேலையைக் கண்ணால் கண்டவர் நமக்காக நாலு வரி எழுதட்டும். நாமும் கண்டதை மட்டுமே பிறருக்கு எழுதுவோம்.

பச்சை வளையத்தை நான் இட்டுவிட்டேன். அதன் கீழே இப்போது மூன்று திறமைகளே உள்ளன. மூன்றும் நான் செய்தவை.