கதவு தொங்குகிறதா? கீலை மாற்றுங்கள்

சமையலறைக் கேபினெட்டின் கதவு ஒன்று சாய்ந்து தொங்கத் தொடங்கினால், பல வீடுகளில் முதலில் எழும் பேச்சு "பழசாகிவிட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம்" என்பதுதான். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இந்தப் பேச்சுக்கு இடம் அதிகம். 1960களின் இறுதியில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியும், 1980களில் வளரத் தொடங்கிய ஃபார்லிம் வட்டாரமும் இன்று இளமை கடந்த குடியிருப்புகள். அங்குள்ள சமையலறைகள் பலவற்றில் கேபினெட்டுகள் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு கதவு தொங்குவதைக் கேபினெட்டின் ஆயுள் முடிந்ததற்கு அறிகுறியாக எடுத்துக்கொள்வது தவறு. கீல் என்பது கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு. சில வெள்ளி விலையுள்ள அந்த உறுப்புக்காகப் பல ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள சமையலறையை இடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: உடைந்தது உலோகமா, பிடிப்பு விட்டது பலகையா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இதைப் பார்க்காமல் புதுக் கீலை வாங்கி மாட்டுவதால்தான் மாற்றிய கதவு மறுபடியும் கழன்று விழுகிறது. "எத்தனை தடவை செய்தாலும் நிற்காது" என்ற முடிவுக்கும் மக்கள் வருகிறார்கள்.

ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் இருந்த சாப்பாட்டு அலமாரிகள் முழு மரத்தால் ஆனவை. நடுவே முள் கோத்த இரட்டைத் தகட்டுக் கீல் அவற்றில் வெளிப்படையாகத் தெரியும். திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இன்றைய கேபினெட்டில் கீல் உள்ளே மறைந்திருக்கிறது. கதவின் உட்புறம் குடைந்த வட்டக் குழியில் ஒரு சிறு கிண்ணம் அமர்ந்திருக்கும். அதிலிருந்து நீளும் கை, பெட்டியின் பக்கப் பலகையில் பதித்த தகட்டைப் பற்றியிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் மரச்சாமான்கள் ஆலைகளில் வரிசையாகத் துளையிட்டுத் தயாரிக்கப்பட்டபோது, துளைக்குத் துளை 32 மில்லிமீட்டர் என்ற இடைவெளி நிலைபெற்றது. கிண்ணக் கீலும் அந்தத் தயாரிப்பு முறையோடு சேர்ந்தே பரவியது. ஆஸ்திரியாவின் புளூம், ஜெர்மனியின் ஹெட்டிச், இத்தாலியின் சாலிச்சே என்று போட்டி நிறுவனங்கள் பல இருந்தும், கிண்ணத்தின் விட்டம் 35 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய உலகப் பொது அளவாகிவிட்டது. கேபினெட்டைச் செய்துகொடுத்த கடை மூடிப்போயிருந்தாலும், வேறொரு நாட்டில் செய்த கீல் உங்கள் வீட்டுக் கதவின் குழியில் பெரும்பாலும் அமரும் என்பது இதன் பொருள். நம் கையில் இருக்கும் கைப்பேசிக்கோ குளிர்பதனப் பெட்டிக்கோ இந்த வாய்ப்பு இல்லை. பழுதுபார்க்க வசதியாக அமைந்த பொருள்கள் வீட்டில் குறைந்துவரும் காலத்தில், எஞ்சியிருக்கும் சிலவற்றில் ஒன்றை நாமே தூக்கியெறிவது எனக்குப் பொறுக்கவில்லை.

கீல் ஏன் உடைகிறது? தேய்மானம் ஒரு காரணம். தரமான கீல்கள் 80,000 முறை திறந்து மூடிச் சோதிக்கப்படுகின்றன. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் அரிசி, மசாலாப் பொருள் வைக்கும் கதவை நாளுக்கு இருபது முறை திறந்தால் ஆண்டுக்கு 7,300 முறை, பதினோராம் ஆண்டுக்குள் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். அதற்கு மேல் உழைத்த கீல் கடமையைச் செய்துமுடித்தது என்றே கொள்ள வேண்டும். ஆனால் பினாங்கில் பல கீல்கள் அந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு முன்பே துருவால் சாகின்றன. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. கொடிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாமில் மழைக்கும் குறைவில்லை. அத்துடன் சமையல் ஆவி, எண்ணெய்ப் பிசுக்கு, பாத்திரம் கழுவும் தொட்டியின் கசிவு எல்லாம் சேர்கின்றன. பலரும் கவனிக்காத இன்னொரு எதிரி, தொட்டியின் கீழ் அறையில் மூடி சரியாக மூடாமல் வைக்கப்படும் குளோரின் வெளுப்பானும் கழிப்பறை கழுவும் அமிலமும். அவற்றின் ஆவி, கீலின் மேலிருக்கும் நிக்கல் பூச்சைத் தின்று உள்ளிருக்கும் எஃகை அரிக்கிறது. வீட்டின் மற்றக் கதவுகள் நன்றாக இருக்க, தொட்டிக்குக் கீழேயுள்ள கதவு மட்டும் முதலில் விழுவதற்குப் பல நேரம் இதுவே காரணம். அந்த ஒரு கதவுக்கு மட்டுமாவது துருப்பிடிக்காத எஃகுக் கீல் வாங்குவது நல்லது. விலை கூடுதல்தான், ஆனாலும் தகும்.

இனி பலகைக்கு வருவோம். உண்மையான சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். நம் கேபினெட்டுகளில் பெரும்பாலானவை மரத்தூளையும் மரச்சீவலையும் பசையோடு சேர்த்து அழுத்திய பலகையால் ஆனவை. மலேசியாவில் அந்தச் சீவலில் கணிசமானது ரப்பர் பால்மரத்திலிருந்து வருகிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் வெட்டிய பிறகு வெட்டிச் சாய்க்கப்படும் மரம் ஒருகாலத்தில் அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாகப் போனது. பூச்சி அரிக்காமல் பதப்படுத்தி உலர்த்தும் முறை கைவந்த பின், 1980களிலிருந்து அதுவே நாட்டின் மரச்சாமான் தொழிலுக்கு முதுகெலும்பாயிற்று. தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய அதே மரம், இன்று நம் சமையலறைச் சுவரில் நிற்கிறது. அதை அற்பமாக எண்ண மனம் வரவில்லை. ஆனால் சீவல் பலகைக்கு ஒரு பலவீனம் உண்டு. முழு மரத்தில் நார்கள் திருகாணியின் புரிகளை இறுக்கிப் பிடிக்கும்; சீவல் பலகையில் பிடித்திருப்பது பசையால் ஒட்டிய துணுக்குகள் மட்டுமே. கதவு ஆடும்போது திருகாணியும் ஆடி, சுற்றியுள்ள துணுக்குகளைப் பொடியாக்கிவிடுகிறது. தண்ணீர் புகுந்தால் பலகை ஊதும், ஊதியது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே சோதனை எளிது. கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருகாணியை முடுக்கிப் பாருங்கள். இறுகினால் பலகை நலம், கோளாறு கீலில். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை போய்விட்டது. விரல் நகத்தால் அழுத்தும்போது பலகையே பொதபொதவென்று உள்வாங்கினால் அந்த இடம் செத்த இடம்.

துளை போன பலகைக்கும் மருந்து உண்டு. சத்தே குச்சியை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, ஓர் இரவு காயவிட்டு, மேற்பரப்போடு நறுக்கிவிட்டு, சிறு முன்துளை போட்டுத் திருகாணியை இறக்கலாம். பாரமான கதவுக்கு இது போதாது. துளையை 8 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமாக்கி, அதே தடிப்புள்ள கெட்டி மரக் குச்சியைப் பசையிட்டு அடித்து, அதன் நடுவில் புதுத் துளை போட வேண்டும். துளை சிதைந்து கிண்ணக் குழியின் விளிம்பே பெயர்ந்துபோயிருந்தால், அதை மூடிப் பிடிக்கும் எஃகுத் தகடுகள் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கின்றன. ஊதிப்போன இடத்தை விட்டுச் சில சென்டிமீட்டர் மேலோ கீழோ தள்ளி, கெட்டியான பகுதியில் கீலைப் பதிப்பது இன்னொரு வழி. அப்போது கதவில் புதுக் கிண்ணக் குழி குடைய வேண்டியிருக்கும், அதற்கு 35 மில்லிமீட்டர் துளைக்கருவி தேவை. ஒரே ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: பிடிக்கவில்லை என்று நீளமான திருகாணி போடுவது. கேபினெட் கதவு பெரும்பாலும் 16 அல்லது 18 மில்லிமீட்டர் தடிப்புதான். நீளத் திருகாணி முன்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

உலோகம்தான் உடைந்தது என்றால் வேலை இன்னும் சுலபம். கடையில்தான் கவனம் தேவை. கிண்ணம் 35 மில்லிமீட்டர்தானா என்று முதலில் அளக்க வேண்டும், சிறு கதவுகளில் 26 இருப்பதுண்டு. கிண்ணத்தின் இருபுறமும் உள்ள திருகாணித் துளைகளின் இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் 45, 48, 52 என்று மாறும். மாறினால் பெரிய கேடில்லை, புதுத் துளை போட்டுக்கொள்ளலாம். அதிகம் பேர் ஏமாறுவது கையின் வளைவில். கதவு பக்கப் பலகையின் விளிம்பை முழுதும் மூடினால் கை நேராக இருக்கும். இரண்டு கதவுகள் ஒரே பலகையைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டால் கை சற்று வளைந்திருக்கும். கதவு பெட்டிக்குள்ளேயே அமர்ந்தால் வளைவு இன்னும் கூடுதல். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும்; மாற்றி வாங்கினால் கதவு மூடாது, அல்லது பக்கத்துக் கதவில் இடிக்கும். ஒரு நிறுவனத்தின் கை இன்னொரு நிறுவனத்தின் தகட்டில் பெரும்பாலும் பூட்டாது என்பதால் தகட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும். கழற்றும்போது கதவுக்கு அடியில் புத்தகக்கட்டு வைத்துத் தாங்கல் கொடுங்கள். கீழ்க் கீல் முதலில், மேல்கீல் கடைசியில். மாட்டும்போது மேல்கீலில் தொடங்குங்கள். பிறகு கையில் உள்ள திருகாணிகளைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பி, கதவைப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் நேராக்கலாம். உயரத்தைத் தகட்டில் சரிசெய்யலாம். சொல்லப்போனால், தொங்கும் கதவுகளில் பலவற்றுக்கு இந்தத் திருப்பலே போதும். எதுவும் வாங்காமல் தீரும் பழுது அது.

இதற்கு மறுப்புகள் இருக்கின்றன. ஒரு கீல் போனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும், எதற்கு ஒட்டுவேலை என்பது ஒன்று. நியாயமான கேள்விதான். அந்தக் கதவின் இரண்டு கீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள் என்பது பதில். வயதில் ஒத்தவை பாரத்தைச் சமமாகத் தாங்கும். சமையலறை முழுவதற்கும் புதுக் கீல் போட்டாலும், அந்தச் செலவு புதுக் கேபினெட்டுக்குக் கொடுக்கும் முன்பணத்தைக்கூட எட்டாது. அலுமினியக் கேபினெட் கரையானுக்கும் தண்ணீருக்கும் அஞ்சாதே என்பது அடுத்த மறுப்பு. அதிலும் உண்மை இருக்கிறது. 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளம் போன்றவற்றில் நனைந்து ஊறிய சீவல் பலகையைக் காப்பாற்ற முடியாது. தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீட்டுக்காரர்கள் அலுமினியத்துக்கு மாறுவது அறிவுள்ள முடிவு. பத்தாவது மாடியில், பலகை கெட்டியாக இருக்கும் வீட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. அலுமினியக் கதவும் கீலில்தான் தொங்குகிறது. குத்தகையாளர்கள் இவ்வளவு சின்ன வேலைக்கு வருவதில்லை என்ற குறையும் உண்மையே. ஒரு கீலுக்காக வண்டி எடுத்து வந்து போவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. முழு சமையலறையை மாற்றச் சொல்வது அவர்களுக்கு லாபம். அதனால்தான் இந்த வேலையை வீட்டில் உள்ளவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். கெட்டிப் பலகைக்கு நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்றே போதும். ஆண், பெண், பள்ளிப் பிள்ளை என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது.

கழற்றியெறிந்த கேபினெட் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். பினாங்கு மாநிலத்தின் குப்பையில் பெரும்பகுதி நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள புலாவ் புரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்து, சுற்றியிருந்த மக்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மெலமைன் ஒட்டிய சீவல் பலகையை மறுசுழற்சி செய்வது கடினம். எரித்தால் அதன் பசை நச்சுப்புகை கக்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு வழிநடத்தி 2019இல் மறைந்த எஸ். எம். முகம்மது இத்ரிஸ், வாங்கிக் குவித்து வீசும் பழக்கத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். இதே நோக்கில் ஐரோப்பிய ஒன்றியமும் பழுதுபார்க்கும் உரிமைக்கு 2024இல் சட்டம் இயற்றியது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கைப்பேசிக்கும் அங்கே சட்டத்தால் பெற வேண்டியதை, 35 மில்லிமீட்டர் குழி நமக்குச் சட்டமில்லாமலே தந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் தொங்கும் கதவு இருந்தால், குத்தகையாளரிடம் விலை கேட்பதற்கு முன் பழைய கீலைத் தகட்டோடு கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். அதையே நீட்டி, கையின் வளைவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதேபோல் இரண்டு கேளுங்கள்.