ஒளிப்பவரும் தேடுபவரும் ஒரே கட்சி

கிரிப்டிக் குறுக்கெழுத்தில் விடை கண்டுபிடிப்பது பாதி இன்பம்தான்; குறிப்பு எழுதிப் பார்த்தால்தான் மீதி கிடைக்கும்

'குழம்பிப்போன நகரம் பாவிகளின் இருப்பிடம் (4)'

மாநகர நெரிசலில் சலித்துப்போன ஒருவரின் புலம்பல்போல இருக்கிறது. கிரிப்டிக் குறுக்கெழுத்தில் பழகியவர் இதை வேறுவிதமாகப் படிப்பார். 'குழம்பிப்போன' என்பது, பக்கத்துச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போடு என்னும் கட்டளை. 'நகரம்' கலைந்தால் 'நரகம்'. 'பாவிகளின் இருப்பிடம்' அதன் நேர்ப்பொருள். அடைப்பிலுள்ள 4, விடையின் எழுத்து எண்ணிக்கை.

சாதாரணக் குறுக்கெழுத்துக்கு அகராதி அறிவு போதும். கிரிப்டிக் குறிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் பொருளைச் சொல்லும். மற்றொன்று அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி இரண்டையும் ஒரே வாக்கியமாக்குவதில்தான் எழுதுபவரின் திறமை இருக்கிறது. இரண்டு வழியாகவும் ஒரே சொல்லுக்கு வந்துவிட்டால் விடை சரிதானா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரிலிருந்து குறுக்கெழுத்தின் கதை தொடங்குகிறது. அதைச் சூட்சுமக் கலையாக்கியது பிரிட்டன். லண்டனின் 'அப்சர்வர்' வார இதழில் 1926 முதல் 'டார்க்கிமாடா' என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர், மொழிபெயர்ப்பாளரும் கவிஞருமான எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ். 1939இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் பள்ளி ஆசிரியரான டி.எஸ். மக்நட், புனைபெயர் 'சிமெனிஸ்'. இரண்டு பெயர்களுமே ஸ்பெயினின் சமய விசாரணைத் தலைவர்களிடமிருந்து எடுத்தவை.

பெயரில்தான் கொடுமை, செயலில் சிமெனிஸ் நேர்மையின் காவலர். குறிப்பில் ஒரு சொல்கூட வேலையின்றி நிற்கக்கூடாது, பொருள் துல்லியமாக இருக்க வேண்டும், கட்டும் வழி இலக்கணப்படி பொருந்த வேண்டும் என்றார். 1966இல் இதற்காக ஒரு நூலே எழுதினார். படிப்பவரைத் திசைதிருப்பலாம், ஆனால் குறிப்பு சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்க வேண்டும். வாசகர் கடைசியில் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பித்தான் அமைப்பாளர் ஒளித்துவைக்கிறார். வேறு எந்தப் போட்டியிலும் எதிராளி இவ்வளவு அன்போடு நடந்துகொள்வதில்லை.

அந்த அன்பு வாசகரையும் எழுதவைத்தது. ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்குக் குறிப்பு எழுதி அனுப்பச் சொல்லும் போட்டியை 'அப்சர்வர்' நடத்தியது. 1972இல் பொறுப்பேற்ற ஜோனதன் கிரவுதர், 'அசெட்' என்ற பெயரில் அதைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்தார். பரிசு பெற்ற குறிப்புகளோடு, எது ஏன் சிறந்தது, எது எங்கே சறுக்கியது என்ற விமர்சனமும் தனித்தாளில் வாசகர்களுக்குப் போகும். ஒரே சொல்லை அத்தனை பேரும் எத்தனை விதமாக உடைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே பெரிய பாடம்.

இந்தக் கலை சென்னைக்கும் வந்தது. 'தி இந்து' நாளிதழுக்குத் தொடக்க காலத்தில் புதிர் அமைத்தவர், இந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரான ராம்தாஸ் கட்டாரி.

தமிழுக்குப் புதிதல்ல

தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டினால் இந்த உத்திகளின் உறவினர்களைச் சந்திக்கலாம். திருப்பிப் படிக்கும் மாலைமாற்று, எழுத்தைக் குறைத்துக்கொண்டே போகும் அக்கரச் சுதகம், கேள்விகளுக்கான விடைகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் வினாவுத்தரம், ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுள். எல்லாம் நம் புலவர்கள் விளையாடிய களம்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. உயிர்மெய் முழுதாக ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வதால் 'கா'வை உடைக்க முடியாது. எழுத்துக் கலைப்புக்கு வாய்ப்பு குறைவு. வேற்றுமை உருபுகள் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகின்றன. 'மெரினாவில் எதைப் பார்த்தபடி கொறிக்கிறார்கள்? (3)' விடை, கடலை. பார்ப்பது கடல் + ஐ; கொறிப்பது நிலக்கடலை. முழுச் சொற்களை ஒட்டியும் விடை கட்டலாம்: 'கொடு, மானுக்குப் பூ (3)' என்றால் தா + மரை, தாமரை. மரை ஒரு மான் வகை.

இனி எழுதுவது உங்கள் முறை. 'விடுதலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். விடு, தலை என்று தானாகவே பிரிகிறது. 'விடு'வுக்கு நீங்கு, கைவிடு. 'தலை'க்குச் சிரம், உச்சி. முழுச் சொல்லின் பொருளுக்குச் சிறையைச் சொல்லலாம், சுதந்திரத்தையும் சொல்லலாம். ஒரு வாக்கியமாக்கி, வீட்டில் யாரிடமாவது நீட்டுங்கள். அவர் விடையைச் சொன்னால் நீங்கள் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல் வீணாக நிற்கிறதே என்று சண்டைக்கு வந்தால் இன்னும் நல்லது: அடுத்த குறிப்பை அவரே எழுதிக்கொண்டு வருவார்.