பல்லுக்கு எடுக்கும் படம்

அருவி வெட்டு நாட்களில் பல்வலி வந்தால் யார் வைத்தியரிடம் போவார்? வலிக்கிற பல்லில் ஒரு கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வயலில் நிற்போம். கன்னம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அதற்குள் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஊரை விட்டு இடம்பெயர்ந்து இருக்கும் குடும்பங்களில் இந்தத் தாமதம் இன்னும் கூடுதல். வைத்தியர் "ஒரு படம் எடுத்துப் பார்க்கவேண்டும்" என்று சொன்னால், செலவாகுமோ, கதிர் உடம்புக்குக் கெடுதலோ என்ற யோசனையில் சிலர் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

அந்தப் படம் ஏன்? சூத்தை எப்போதும் கண்ணுக்குத் தெரியும் குழியாக இருப்பதில்லை. இரண்டு பற்கள் நெருங்கி நிற்கும் இடுக்கில் தொடங்கும் சூத்தையையும், வேரின் நுனியில் சீழ் கட்டித் தாடை எலும்பு கரைந்திருப்பதையும் வாயைத் திறந்து பார்த்து முழுமையாக அறிய முடியாது. எக்ஸ் கதிர் கடினமான இடத்தில் தடைப்படும். கரைந்த இடத்தினூடாகக் கூடுதலாகச் செல்லும். ஆகவே நல்ல பல் படத்தில் வெள்ளையாகவும் பழுதான இடம் கறுப்பாகவும் தெரியும்.

ஜேர்மனியில் றொன்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே அந்நாட்டுப் பல் வைத்தியர் ஒட்டோ வால்கொவ் தமது வாயிலேயே கண்ணாடித் தகடொன்றை வைத்துப் படம் பிடிப்பித்தார். 25 நிமிடம் அசையாமல் இருக்கவேண்டியிருந்ததாம்! அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர், கருவியைச் சரிசெய்வதற்காகத் தம் கையையே கதிரின் முன் பிடித்துவந்தார். புற்றுநோய் கண்டு விரல்களையும் பின்பு கையையும் இழந்து 1928இல் இறந்துபோனார். எனவே கதிருக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கத் தேவையில்லை. ஆனால் அக்காலத்து அளவு வேறு, இன்றைய அளவு வேறு. இன்று ஓரிரு பற்களுக்கு எடுக்கும் சிறிய படத்தில் நாம் பெறும் கதிர், மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் சுமார் ஒரு நாளில் இயல்பாகவே பெறும் அளவுதான். கர்ப்பிணித் தாய்மார் தமது நிலையை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிடவேண்டும்.

நீண்ட காலம் இப்படங்கள் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. எடுத்த பிலிமை இருட்டறையில் ஒரு மருந்தில் தோய்த்து, கழுவி, இன்னொரு மருந்தில் தோய்த்து, மறுபடியும் கழுவி உலர்த்தவேண்டும். மருந்து பழசானாலோ, சூடு கூடினாலோ படம் கெட்டுவிடும், மீண்டும் எடுக்கவேண்டும். கழிவு மருந்தில் வெள்ளி கரைந்திருக்கும், பிலிம் பொதிக்குள் ஈயத்தாளும் இருக்கும். இவற்றைக் கிணற்றடியில் ஊற்றவோ எறியவோ கூடாது.

பிரான்ஸ் நாட்டுப் பல் வைத்தியர் பிரான்சிஸ் மூயான் உருவாக்கிய கருவி 1987இல் விற்பனைக்கு வந்தபோது இந்த வேலை மாறத் தொடங்கியது. பிலிமுக்குப் பதிலாக, தீப்பெட்டியிலும் சிறிய தட்டையான உணரி ஒன்றை வாய்க்குள் வைப்பார்கள். சில விநாடிகளில் கணனித் திரையில் படம் தெரியும். இருட்டறையும் மருந்தும் தேவையில்லை. (அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1985இல், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் பல்லின் குழியைக் கமராவால் அளந்து, அதற்குப் பொருந்தும் அடைப்பை இயந்திரத்தாலேயே செதுக்கியிருந்தார்கள். அது தனிக்கதை.)

எனக்குப் பெரிய நன்மையாகப் படுவது, வைத்தியர் திரையைத் திருப்பிக் காட்டி "இந்தக் கறுப்பைப் பாருங்கள் ஐயா" என்று சொல்லக்கூடியதாக இருப்பது. பல் ஏன் பிடுங்கப்படுகிறது, அல்லது ஏன் காப்பாற்றலாம் என்பது நோயாளிக்கும் விளங்குகிறது. கேள்வி கேட்கவும் துணிவு வருகிறது.

குறைகளும் உண்டு. உணரி விறைப்பானது, சிலருக்கு ஓங்காளம் வரும். விலை அதிகம், கடித்தாலோ கீழே விழுந்தாலோ பழுதாகலாம். அதனால் சில இடங்களில் மெல்லிய தகடு ஒன்றில் படத்தைப் பதித்து, வேறொரு கருவியால் வாசிக்கிறார்கள். புதிய முறைக்குக் கதிர் குறைவாகவே போதும் என்பது உண்மை. ஆனால் எடுப்பது சுலபம் என்று இரண்டு மூன்று தடவை எடுத்தால் அந்த இலாபம் அங்கேயே போய்விடும். மின்சாரம் நின்றால் கணனியும் நிற்கும்.

இன்னொன்று. வெற்றிலை பாக்குப் போடுபவர்களின் கன்னத்தில் வரும் வெள்ளைப் படையையோ சிவந்த படையையோ இப்படம் காட்டாது. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. அதற்கு வைத்தியரின் கண்ணும் விரலும்தான் வேண்டும். பல்லுக்குப் போகும்போது கன்னத்தையும் நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடி வரும்போது எத்தனை பேர் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டோம்; பல்லின் பிலிமை யார் எடுத்தோம்? புதிய ஊரில் புதிய வைத்தியர் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கவேண்டியிருந்தது. கணனியில் எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரதி தரும்படி கேளுங்கள். வீட்டில் இன்னொருவரின் தொலைபேசியிலும் போட்டு வையுங்கள். படத்தில் உங்கள் பெயரும் எடுத்த திகதியும் சரியாக இருக்கின்றனவா என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.