காய்ச்சல் போன பின்னும் போகாத நோய்

"மூன்று நாள் காய்ச்சல்தானே, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்!" என்று நம் இல்லங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். காலரா என்றும் கொள்ளைநோய் என்றும் சொன்னால் நடுங்குகிற நாம், உயிரைப் பறிக்காத நோயைக் கண்டு அஞ்சுவதில்லை. மழைக்காலத்தில் வருவதும் போவதுமாயிருக்கும் காய்ச்சல்களை ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை.

ஆயினும் ஒரு நோயின் கொடுமையை அது வந்த வாரத்தை மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது. சில வைரஸ் கிருமிகள் உடலிற் புகுந்து காய்ச்சலை மூட்டிச் சில நாள்களில் அடங்கிவிடுகின்றன. அவை விட்டுச் செல்லும் கேடோ மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் பின்னரே முழுமையாக வெளிப்படுகிறது. நோய் புதிதாகப் பரவும் வேளையில் அக்கேடு எத்தகையது என்பது மருத்துவர்களுக்கே தெரிவதில்லை. இவ்வுண்மைக்கு நம் பகுதி மக்கள் அறிந்த சிக்குன்குனியா நோயே தக்க சான்றாகும்.

உடலை வளைக்கும் நோய்

இன்று டான்சானியா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டின் மக்கோண்டே மேட்டுநிலப் பகுதியில், 1952-ஆம் ஆண்டில் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. மூட்டுவலி தாளாமல் கூனிக் குறுகி நடந்தவர்களைக் கண்ட அம்மக்கள், "உடலை வளைத்துவிடுவது" என்று பொருள்படும் சொல்லை அதற்குப் பெயராக வைத்தனர். அதுவே சிக்குன்குனியா.

நம் நாட்டில் 1963-இல் கல்கத்தாவிலும், அதனை அடுத்துச் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் இந்நோய் பரவியது. 1973-இல் மகாராட்டிரத்தின் பார்சி நகரில் தலைகாட்டியது. பின்னர் 32 ஆண்டுகள் ஓய்ந்திருந்தது. அதற்குள் ஒரு தலைமுறையே மாறிவிட்டது. ஆதலின் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அது திரும்பி வந்தபோது, மக்களுக்கு அது முற்றிலும் புதிய நோயாகவே தோன்றியது. உண்மையில் வந்த கிருமியும் பழைய கிருமி அன்று. முன்னர்ப் பரவியது ஆசிய வகையைச் சேர்ந்தது; பின்னர் வந்தது ஆப்பிரிக்க வகையைச் சேர்ந்தது.

2006-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு இந்நோய் கண்டிருக்கக்கூடும் என்று அரசுக் கணக்குக் கூறுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருநாடகத்தினர். தமிழ்நாட்டில் 64 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் வந்தனர். பரிசோதனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்கள் இக்கணக்கில் சேரார்.

கடல் கடந்த உறவினரின் பட்டறிவு

புதுச்சேரி மக்களுக்கு ரெயூனியன் தீவு அயலான ஊர் அன்று. பூர்போன் என்னும் பழைய பெயரால் அதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். இந்தியாவில் இக்கிருமி பெருகுவதற்குச் சற்று முன்னர் அத்தீவை அது பிடித்தது. அங்கு நிகழ்ந்ததை நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டும்.

2004-இல் கென்யா நாட்டின் லாமு தீவில் இந்நோய் எழுந்தது. அவ்வேளை அங்கு வறட்சி நிலவியது. மக்கள் வீடுகளில் நாள்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த தண்ணீரில் கொசுக்கள் பெருகின. அங்கிருந்து கொமோரோ தீவுகளுக்கும், 2005-இல் ரெயூனியனுக்கும் கிருமி வந்து சேர்ந்தது. முதலில் சில ஆயிரம் பேருக்குக் காய்ச்சல் கண்டது. குளிர்காலம் வரவே நோய் தணிந்தது. தொல்லை தீர்ந்தது என்று பலரும் எண்ணியிருப்பர். ஆனால் 2006-இன் தொடக்கத்தில், மழையும் வெப்பமும் கூடிய பருவத்தில், ஒரே வாரத்தில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். கொசு ஒழிப்புக்குப் பிரெஞ்சு அரசு படைவீரர்களையும் அனுப்ப நேர்ந்தது. அலை ஓய்ந்தபோது தீவு மக்களில் மூவரில் ஒருவர் நோயுற்றிருந்தனர்.

இடைக்காலத்தில் கிருமியிலும் ஒரு சிறு மாறுதல் நிகழ்ந்திருந்தது. அதனால், முன்பு இக்கிருமியை அவ்வளவு எளிதிற் பரப்பாத புலிக்கொசு என்னும் கொசுவினமும் அதனை மிக எளிதாகப் பரப்பலாயிற்று. தணிந்துவிட்டது என்று நாம் கண்ணயர்ந்திருக்கும் வேளையிலும் கிருமி கண்ணயர்வதில்லை அன்றோ!

பின்னர்த் தெரிந்தவை

தொடக்கத்தில் மருத்துவர் பலரும் அறிந்திருந்தது இவ்வளவே: காய்ச்சலும் மூட்டுவலியும் வரும், ஒன்றிரண்டு வாரங்களில் நீங்கும். பலருக்கு அவ்வாறே நீங்கியது. வேறு பலருக்கோ விரல், மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் ஆகிய மூட்டுகளில் வலியும் வீக்கமும் மாதக்கணக்கில் நின்றன. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தன. நடுவயதைக் கடந்தவர்களும், முன்னரே மூட்டுநோய் உள்ளவர்களும் மிகுதியாகத் துன்புற்றனர்.

இதனினும் துயரமான செய்தி குழந்தைகளைப் பற்றியது. பேறுகால வேளையில் தாய்க்கு இக்காய்ச்சல் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கும் கிருமி செல்லக்கூடும் என்பதை ரெயூனியன் மருத்துவர்களே முதன்முதலில் தெளிவாகக் கண்டனர். அவ்வாறான தாய்மார் பெற்ற குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் தொற்றியிருந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு கூறியது. அறுவை மருத்துவத்தால் குழந்தையை எடுத்தும் தடுக்க இயலவில்லை. தொற்றிய குழந்தைகளை இரண்டு வயதளவில் சோதித்தபோது, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பேச்சிலும் இயக்கத்திலும் அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கியிருந்தனர். இவ்வாய்வு வெளியானது 2014-இல்.

வாசகர்கள் இவ்வாண்டுகளைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நோய் வந்தது 2005-இல். தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் அளவு தெளிவானது 2008-இல். குழந்தைகளின் பின்னிலை வெளியானது 2014-இல். அறிவியல் தன் கடமையைச் செய்தே வந்தது. ஆனால் ஒரு குழந்தை இரண்டு வயதில் எப்படி இருக்கும் என்பதை அறிய, அக்குழந்தை இரண்டு வயதை எட்டும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். முழு அறிவு கிடைத்த பின்னரே காத்துக்கொள்வோம் என்றிருந்தால், அவ்வறிவு பிறருக்குப் பயன்படுமேயன்றி நமக்குப் பயன்படாது.

இது சிக்குன்குனியாவுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லா எளிய நோயென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கருவுற்ற தாய்க்கு அது வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கலாம் என்பதை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். 2020-இல் உலகை முடக்கிய கொரோனாவும் முதலில் நுரையீரலைத் தாக்கும் காய்ச்சலாகவே எண்ணப்பட்டது. களைப்பு, மூச்சிரைப்பு, மறதி முதலியவை மாதக்கணக்கில் நீடிப்பதைக் கண்ட உலகச் சுகாதார நிறுவனம், 2021 அக்டோபரில்தான் அந்நிலைக்கு உரிய வரையறையை வகுத்தது.

தெரியாமையும் ஒரு எச்சரிக்கையே

புதிய கிருமி ஒன்று வரும்போது, "இதனால் பின்னாளில் என்ன ஆகும்?" என்று கேட்டால் மருத்துவர் "தெரியாது" என்று நேர்மையோடு கூறுவார். அவ்விடையைக் கேட்டுச் சிலர் பெரும் பீதியடைகின்றனர். வேறு சிலர், "அவர்களுக்கே தெரியவில்லை; பிறகு ஏன் இத்தனை கட்டுப்பாடு?" என்று அசட்டை செய்கின்றனர். இரண்டும் தவறு. முன்பின் அறியாத முகத்துவாரத்துள் நுழையும் படகோட்டி, ஆழம் தெரியவில்லை என்பதால் படகை விட்டுக் குதிப்பதில்லை; முழு வேகத்தில் செலுத்துவதும் இல்லை. வேகத்தைக் குறைத்து, கழியால் ஆழம் பார்த்து, மெல்லச் செல்கிறான். ஆழம் தெரியாமையே அவன் கவனத்திற்குக் காரணம்.

முன்காப்பின் செலவையும் நோயின் செலவையும் எடைபோட்டுப் பார்ப்பது நலம். புதுச்சேரிக்கு வடக்கே கடலையொட்டி அமைந்துள்ள பிள்ளைச்சாவடி போன்ற மீனவச் சிற்றூரில், ஒரு குடும்பத்தின் வருவாய் முழுதும் கைவிரல்களிலும் மணிக்கட்டிலும் அடங்கியிருக்கிறது. வலையை இழுக்கவும் சிக்கெடுக்கவும் விரல் மடங்க வேண்டும். மீன்கூடையைச் சுமக்கும் பெண்ணுக்கு முழங்கால் தாங்க வேண்டும். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து வயல்களில் குனிந்து நாற்று நடுவோர்க்கும் அப்படியே. மூட்டு ஆறு மாதம் முடங்கினால் அக்குடும்பம் கடனில் மூழ்கும். "இந்நோய் உயிரைக் கொல்வது அரிது" என்பது உண்மையே. ஆனால் பிழைப்பைக் கெடுக்கும் நோய் இறப்புப் பதிவேட்டில் இடம் பெறுவதில்லை என்பதும் உண்மையே.

நம் கையிலுள்ள காப்பு

இந்நோயைப் பரப்புவது ஏடிஸ் இனக் கொசு. இது பகலிற் கடிக்கும்; காலையிலும், மாலை மங்குமுன்னும் மிகுதியாகக் கடிக்கும். சாக்கடையைக் காட்டிலும் தெளிந்த தண்ணீரையே நாடும். நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். அவை தண்ணீரின்றி மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டவுடன் பொரியும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆதலின் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் கொசு பிறக்க வழியில்லை. தேய்க்காமல் தண்ணீரை மட்டும் கொட்டுவது அரைவேலையே.

தண்ணீர் அரிதாகக் கிடைக்கும் இடங்களில், "சேர்த்த தண்ணீரை எப்படிக் கொட்டுவது?" என்று தாய்மார் கேட்பது நியாயமே. கொட்ட வேண்டியதில்லை. மெல்லிய துணியால் வடிகட்டி வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, வெறும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவலாம். டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டி வைக்கலாம். சிமெண்ட் தொட்டிக்குப் பொருந்திய மூடி இடலாம்.

வீட்டைச் சுற்றியும் பார்க்க வேண்டும். ஆட்டுக்கல், உரல், கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் நீர் தேங்கும். கடற்கரையில் கரையேற்றி நிறுத்திய படகின் அடிப்பகுதி, தார்ப்பாயின் மடிப்பு, திறந்து கிடக்கும் ஐஸ் பெட்டி ஆகியவற்றை நாம் நினைப்பதே இல்லை. "உப்பு பட்ட இடத்தில் கொசு ஏது?" என்று சொல்வதும் சரியன்று. இலங்கையின் கடலோரப் பகுதியில் கைவிடப்பட்ட படகுகளிலும் கிணறுகளிலும் இருந்த உவர்நீரில் ஏடிஸ் புழுக்கள் வளர்வதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. பயன்படாத படகைக் கவிழ்த்து வைப்பதும், நிற்கும் படகின் நீரை இறைப்பதும் சில நிமிட வேலைகளே.

காய்ச்சல் கண்டவரை முதல் வாரம் முழுவதும் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் செய்ய வேண்டும். அவரைக் கடித்த கொசுவே அடுத்தவருக்கு நோயைக் கொண்டு செல்கிறது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெளியும்வரை ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளுதல் ஆகாது. அவை இரத்தக் கசிவை உண்டாக்கலாம். நிலவேம்புக் குடிநீர் அருந்துவோர் அருந்தலாம். ஆனால் அதனை அருந்தியதால் தொட்டியைத் தேய்க்க வேண்டியதில்லை என்று எண்ணலாகாது. பேறுகாலம் நெருங்கிய தாய்மாரைக் கொசுக்கடியிலிருந்து காப்பது குடும்பத்தார் அனைவரின் பொறுப்பு. மூட்டுவலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், கண்ட கண்ட ஊசிகளைப் போட்டுக்கொள்ளாமல் தக்க மருத்துவரை நாட வேண்டும்.

அறிவியல் துணை, அயலார் துணை

1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், கொசுவைப் பற்றிய ஆராய்ச்சியில் நாடறிந்த நிறுவனம். வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை அங்கு உருவாக்கியுள்ளதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அந்நுண்ணுயிர் கொசுவின் உடலில் டெங்கு, சிக்குன்குனியாக் கிருமிகள் பெருகாமல் தடுக்கும். தடுப்பூசியும் வெளிநாடுகளில் பயனுக்கு வந்தது. 2025-இல் ரெயூனியனில் நோய் மீண்டும் பரவி 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கியபோது, முதியோர் சிலருக்குக் கடும் பின்விளைவுகள் தோன்றியமையால் 65 வயதுக்கு மேற்பட்டோர்க்கு அதனைப் போடுவது நிறுத்தப்பட்டது. இருபது ஆண்டுகள் கடந்தும் அத்தீவு மக்கள் முதலில் நம்ப வேண்டியிருந்தது தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்க்கும் கையையே.

ஏடிஸ் கொசு தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து செல்வது அரிது. நம் தெருவில் ஒருவருக்குக் கடிக்கும் கொசு பெரும்பாலும் நம் தெருவிலேயே பிறந்தது என்பதே இதன் பொருள். என் வீட்டுத் தொட்டியில் பிறக்கும் கொசு அடுத்த வீட்டில் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் பெண்ணைக் கடிக்கக்கூடும். ஒருவர் மட்டும் தூய்மை காத்துப் பயனில்லை. தெருவார் அனைவரும் ஒரே நாளில் செய்ய வேண்டும். தொட்டியைத் தூக்கித் தேய்க்க இயலாத முதியோர் இல்லங்களுக்கும், தனித்து வாழும் கைம்பெண்களின் இல்லங்களுக்கும் பங்கின் இளைஞர்கள் சென்று உதவலாம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முன்னதாகவே, சனிக்கிழமை தோறும் காலையில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்குமாறு குடும்பத் தலைவர்களையும் தாய்மாரையும் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, தண்ணீர் தேங்கும் இடங்களையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் கண்ணுக்குப் படாத இடங்கள் பிள்ளைகள் கண்ணுக்குத் தப்புவதில்லை.