கதவை மாடியில் வைத்த கோட்டை

ராத்திரி ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிட்டா நாம என்ன பண்ணுவோம்? பின்பக்கம் காம்பவுண்ட் சுவர் எங்க தாழ்வா இருக்குன்னு தேடுவோம். இங்கிலாந்தின் பழைய கோட்டைகளோட கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் அவசரமாகக் கட்டிய கோட்டைகள் பெரும்பாலும் மண்ணும் மரமும்தான். மண்ணைக் குவித்து ஒரு மேடு, உச்சியில் மரக் கோபுரம், கீழே வேலி போட்ட முற்றம், சுற்றிலும் அகழி. சீக்கிரம் கட்டிடலாம். ஆனா நெருப்பு வைத்தால் முடிஞ்சது. மரமும் நாளாக நாளாக மட்கும். அதனால் முக்கியமான இடங்களில் கல்லுக்கு மாறினார்கள்.

சுவர் கல்லானாலும் கதவு மரம்தானே? எதிரி பெரிய மரத்தடியைத் தூக்கிட்டு ஓடி வந்து அதைத்தான் இடிப்பான். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப சிம்பிள்: கதவை முதல் மாடியில் வை! 1070-களில் தொடங்கிய லண்டன் ஒயிட் டவரில் மரப்படி ஏறித்தான் உள்ளே போகணும். படியில் நின்றுகொண்டு மரத்தடியை வீச இடம் ஏது?

1127-ல் தொடங்கிய ராச்செஸ்டர் கோபுரம் இன்னும் ஒரு படி மேல். உயரம் சுமார் 34 மீட்டர், சுவரின் தடிமன் 3 மீட்டருக்கு மேல். வாசலுக்கு முன்னால் தனியாக ஒரு நுழைவுக் கட்டடம். படிக்கட்டு கோபுரத்தின் மூலையைச் சுற்றி ஏறும். வழியில் தூக்குப் பாலம், வாசலில் மேலிருந்து இறங்கும் தடுப்புக் கதவு. ஏறி முடிக்கும்வரை மேலே இருப்பவர்களுக்கு நீங்கதான் டார்கெட்.

1215-ல் தன்னை எதிர்த்த பிரபுக்களை ஜான் மன்னர் அங்கே முற்றுகையிட்டார். கோபுரத்தைச் சாய்க்க அவர் வாசலை நம்பவில்லை. ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தால் முட்டுக் கொடுத்து, 40 பன்றிகளை வரவழைத்து அவற்றின் கொழுப்பால் தீ மூட்டினார்கள். முட்டு எரிந்தது, மூலை சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தின் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கி அப்பவும் விடவில்லை. கடைசியில் பசிதான் அவர்களைச் சரணடைய வைத்தது.

பிறகு அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள். சதுர மூலையை இரண்டு பக்கமும் குடையலாம். வட்டத்தில் அது கஷ்டம். இன்றைக்கும் அந்தக் கோபுரத்தில் மூன்று மூலை சதுரம், ஒன்று வட்டம்.

உங்க ப்ராஜெக்ட்டில் ஒரு வீக் பாயிண்ட்டைச் சரி பண்ணிட்டீங்களா? சந்தோஷம். இப்ப அடுத்த வீக் பாயிண்ட் எங்கே போயிருக்குன்னு பாருங்க. எதிரி அங்கேதான் தோண்டுவான்.